இடது முன்சக்கரத்துச் சத்தம்

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது நானில்லை, என் மனைவி. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் எழுதாமலே விட்டுவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

பிரெஞ்சுக்காரன் ஆட்சி நடந்த காலம். பாகூரிலிருந்து புதுச்சேரி டவுனுக்கு நான் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். கோர்ட்டுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கத்திரிக்காய்க் கூடையை மடியில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதில்தான் நெருக்கியடித்து உட்காருவார்கள். கார் புதிதல்ல. சைகோனில் குமாஸ்தா வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பிய ஒருவர் வைத்திருந்தது. கண் மங்கிப்போனதும் விற்றார். என் பங்கு நிலத்தை விற்றுவிட்டு அதை வாங்கினேன். அது ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

சக்கரங்களின் ஆரக்கால்கள் மரம். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் கொட்டாங்கச்சி அளவுக்கு ஒரு பித்தளை மூடி இருக்கும். உள்ளே சக்கரம் சுழலும் இரும்புக் குண்டுகள் உண்டு. அவற்றுக்குப் போகவேண்டிய கிரீஸை அந்த மூடிக்குள் அடைத்துத்தான் திருகி மாட்ட வேண்டும். எனக்கு அந்த மூடிகள் மேல் அப்படி ஒரு பைத்தியம். வெள்ளிக்கிழமை காலையில் என் மனைவி கிணற்றடியில் உட்கார்ந்து குத்துவிளக்கைப் புளியும் செங்கல்தூளும் போட்டுத் தேய்ப்பாள். நானும் நாலு மூடிகளையும் கழற்றிக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருவேன். அவள் வைத்திருக்கும் செங்கல்தூளிலேயே ஒரு பிடி எடுத்துத் தேய்ப்பேன். விளக்கும் மூடியும் ஒன்றாகப் பளபளக்கும். ஊரில் யார் வண்டிக்கும் இல்லாத பளபளப்பு என்று எனக்குப் பெருமை. அப்படியே கிரீஸை விரலால் வழித்து அடைத்து, மூடிகளைச் சுவர் ஓரம் வரிசையாக வைத்துவிட்டுக் குளிக்கப் போவேன். வந்து திருகுவேன்.

ஒரு வருஷம் போல இப்படி ஓடியது. ஒருநாள் அவளை அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவள் எப்போதும் முன்னால் இடது பக்கம்தான் உட்காருவாள்.

"இன்னாங்க, என் காலாண்ட கர்ருனு ஒரு சத்தம் வருதே, உங்களுக்குக் கேக்கல?"

"ரோட்டுல கல்லு. அதான்."

"கல்லு இல்லாத எடத்துலயும் வருதுங்க."

"நீ வண்டி ஓட்டுறியா, நான் ஓட்டுறனா?"

இதுதான் நான். யாராவது எனக்குத் தெரியாததைச் சொல்லிவிட்டால் உடனே மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

பத்து நாளில் எனக்கும் கேட்டது. மாவு அரைக்கிற மாதிரி அடியிலிருந்து ஒரு முனகல். வேகம் கூடினால் கூடும். வலது பக்கம் வளைத்தால் ஓங்கும், இடது பக்கம் வளைத்தால் அடங்கும். ஆட்கள் நிறைய ஏறினால் இன்னும் மோசம். எந்தச் சக்கரம் என்பது தெரிந்துவிட்டது, ஏன் என்பதுதான் தெரியவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினேன். சும்மா சுற்றும்போது சாதுவாகச் சுற்றியது. மாட்டு வண்டிக்குச் சக்கரம் செய்யும் ஆசாரியிடம் காட்டினேன். ஆரக்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மரம் காஞ்சி போச்சிப்பா. ஈர சாக்கு சுத்தி வையி, ஊறட்டும்" என்றார். சுற்றி வைத்தேன். ரெண்டு நாள் சத்தம் குறைந்தது போலிருந்தது. மூன்றாம் நாள் பழையபடி வந்துவிட்டது.

டவுனில் ஒரு மெக்கானிக் இருந்தான். அவனிடம் விட்டால் ரெண்டு நாள் வண்டி நிற்கும். ரெண்டு நாள் நிறுத்த எனக்கு மனசில்லை. அதற்குப் பதிலாக சைகோன்காரர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கத்தினேன்.

"ஓட்ட வண்டிய என் தலையில கட்டிட்டீரே, நல்லா இருப்பீரா?"

அவர் கண்ணைச் சுருக்கி என் குரல் வந்த திசையைப் பார்த்தார். "நான் குடுத்தப்ப அந்த வண்டி பூ மாதிரி ஓடிச்சிப்பா. நீ இன்னா பண்ண அத்த?"

அந்தக் கேள்வி எனக்கு உறைக்கவே இல்லை. இன்னும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. சவாரிக்கு வருகிறவர்கள் "இன்னாபா, வண்டி அழுவுது" என்று கிண்டல் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரத்தில் புதிதாக இன்னொரு சத்தம் சேர்ந்துகொண்டது. கிளிங், கிளிங் என்று தகரத்தில் எதையோ போட்டு உருட்டுவது போல. அதுவும் அதே சக்கரத்திலிருந்து. எனக்குக் கிறுக்குப் பிடிக்காத குறைதான்.

டவுனுக்குப் போகிற வழியில் இங்கிலீஷ்காரன் எல்லை ஒரு துண்டு குறுக்கே விழும். அங்கே சுங்கச் சாவடி. நம் பக்கத்திலிருந்து யாராவது சரக்கைக் கள்ளத்தனமாகக் கொண்டுபோகிறார்களா என்று கூடையைக் கிளறிப் பார்த்துத்தான் விடுவார்கள். அன்று சாவடிச் சேவகன் வண்டி நிற்பதற்கு முன்பே காதைத் தீட்டிக்கொண்டான்.

"யோவ், சக்கரத்துக்குள்ள இன்னா வெச்சிருக்க?"

"ஒண்ணும் இல்ல சார், ரிப்பேர்."

"ரிப்பேருக்குக் காசு சத்தம் வருமா? கழட்டு."

வண்டியில் ஏழு பேர். எல்லோரும் இறங்கிச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஸ்பானரை எடுத்துப் பித்தளை மூடியைத் திருகிக் கழற்றினேன். சேவகன் கிரீஸுக்குள் குச்சியை விட்டுக் கிளறினான். கறுத்துப்போன மஞ்சள் துணி நார்நாராக வந்தது. பின்னாலேயே ஒரு காசு. அம்மனுக்கு வேண்டிக்கொண்டு முடிந்து வைக்கிற காசு.

ஏழு பேரும் சிரித்தார்கள், சேவகனும் சிரித்தான். "அம்மனையே கடத்துறியாய்யா?" என்றான். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

யார் வைத்திருப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, என் மனைவிதான். போன வெள்ளிக்கிழமை நான் குளிக்கப் போனபோது, கிரீஸ் அடைத்து வைத்திருந்த மூடிக்குள் முடிச்சை அழுத்தி மேலே மெழுகிவிட்டிருக்கிறாள். நான் வந்து பார்க்காமல் திருகியிருக்கிறேன். உள்ளே சுற்றிச் சுற்றித் துணி கிழிந்து காசு வெளியே வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து காசை அவள் முன்னால் வீசினேன். "இத்தினி நாளா என்ன ஊர் சிரிக்க வெச்சது நீதானா? அறிவு இருக்காடி உனக்கு?"

அவள் காசை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, சத்தம் போடாமல் சொன்னாள்:

"சத்தம் வந்தப்புறந்தானங்க நான் காசு முடிஞ்சேன். மின்னாடியே வந்துச்சே. நான்தான சொன்னேன் உங்களுக்கு."

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மறுநாள் வண்டி ஓட்டும்போது கிளிங் சத்தம் இல்லை. முனகல் இருந்தது. இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாவடியிலும் மார்க்கெட்டிலும் காசுக் கதையைச் சொல்லிச் சொல்லி, சிரிக்கவைத்துச் சிரிக்கவைத்து, அதுதான் நோய், அது தீர்ந்தது என்று நானே நம்பிவிட்டேன். யாராவது "இன்னும் கர்ருங்குதே" என்றால், "அது அப்பிடித்தான் கொஞ்ச நாள் இருக்கும்" என்பேன். எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து அவளை மறுபடியும் அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனேன். பகல் வேளை, வேறு சவாரி இல்லை. அவள் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலை மட்டும் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். செலியமேடு தாண்டி, ரெண்டு பக்கமும் கரும்பு நின்ற இடத்தில் வலது பக்கம் ஒரு வளைவு. வளைத்தேன். முனகல் ஓங்கி, சட்டென்று நின்றது. எங்கள் சக்கரம் எங்களுக்கு முன்னால் உருண்டு போவதை நான் பார்த்தேன். வண்டி மூக்குக் குத்திக் கரும்புக் கொல்லை வாய்க்காலில் சரிந்தது.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள் வெளியே தூக்கி எறியப்பட்டுக் குப்புற விழுந்திருந்தாள்; வலது கை, முழங்கைக்கு மேல் உடைந்து, வண்டிக்கும் கரைக்கும் நடுவில் மாட்டியிருந்தது. கரும்புக் கொல்லையில் காய்ந்த இலைச் சோகை உரித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து வண்டியைத் தூக்கினார்கள். மாட்டு வண்டியில் படுக்கவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். எலும்பை இழுத்து வைத்துக் கட்டும்போதும் அழவில்லை. எலும்பு ஒட்டியது, ஆனால் கையை நீட்ட முடியவில்லை; வளைந்தபடியே நின்றுவிட்டது.

வண்டியை இழுத்துப்போய் அந்த மெக்கானிக்கிடம் விட்டேன். முன்பே விட்டிருக்க வேண்டிய இடம். உள்ளே குண்டுகள் நொறுங்கிக் கிடந்தன. அவன் மிச்சமிருந்த கிரீஸைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தான். என் விரலைப் பிடித்து அதில் கொஞ்சம் வைத்தான்.

"தேய்ச்சிப் பாருண்ணே. நறநறன்னு இல்ல? செவப்பா வேற இருக்கு. செங்கல்தூள் எப்பிடிண்ணே இதுக்குள்ள வந்துச்சி?"

"காசு ஒண்ணு கிடந்துச்சிப்பா" என்றேன்.

"காசு மூடிக்குள்ளதான் உருளும், குண்டுகிட்ட போவாது. இது மாசக்கணக்கா தின்னுருக்கு." மற்ற மூன்று மூடிகளையும் கழற்றினான். மூன்றிலும் அதே சிவப்பு. "இன்னும் கொஞ்ச நாள் வுட்டா இதுங்களும் போயிருக்கும்."

வீட்டுக்கு வந்தேன். என் அக்கா அவளுக்குத் துணையாக வந்து தங்கியிருந்தாள். "அம்மன் காச எண்ணெயிலயும் அழுக்குலயும் போட்டா சும்மா வுடுமா? நீயே இழுத்து வுட்டுக்கின" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு "ஆமாம் அண்ணி" என்றாள். நான் அங்கேயேதான் இருந்தேன். சாப்பிட்டேன். கை கழுவினேன். விரலில் அந்த நறநறப்பு அப்படியே இருப்பது போலிருந்தது.

அந்த வாரம் செங்கல்தூளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்கு நடந்துபோய் அவள் மன்னிப்புக் கேட்டாள். தான் காசைக் கிரீஸில் போட்டதில் அம்மனுக்குக் கோபம், அதனால்தான் சக்கரம் போயிற்று, வண்டி போயிற்று, புருஷன் பிழைப்பு போயிற்று என்று நம்பினாள். மூன்று வெள்ளிக்கிழமை அவளை நான் அப்படி நடக்கவிட்டேன். வாயைத் திறந்தால் ஆசாரி, சைகோன்காரர், அக்கா எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற வெட்கம். வேறு காரணம் எதுவும் கிடையாது.

நாலாவது வெள்ளிக்கிழமை காலையில் கிணற்றடிக்குப் போனேன். குத்துவிளக்கை முழங்காலில் இடுக்கிக்கொண்டு இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு நழுவி நழுவி விழுந்தது. பக்கத்தில் செங்கல்தூள் சிரட்டை. நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மெக்கானிக் தேய்த்துக் காட்டியது, மற்ற மூன்று மூடிகளிலும் இருந்தது, தூள் ஒட்டிய விரலோடு நான் கிரீஸ் அடைத்தது, மூன்று வாரமாகத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது.

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. விளக்கைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அன்னிக்கி நான் சொன்னனே, சத்தம் மின்னாடியே வந்துச்சின்னு. அது உங்க காதுல வுழலியா?"

விழவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"வுழுந்துச்சி" என்றேன்.

கை உடைந்தபோது அழாதவள் அப்போது அழுதாள். விளக்கு அவள் முழங்காலிலிருந்து உருண்டு என் பக்கம் வந்தது. அதை எடுத்து மிச்சத்தை நான் தேய்த்தேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டு விளக்கை நான்தான் தேய்க்கிறேன்.