கைக்கடிகாரத்தில் ஆறு எண்கள்

எதையாவது கழற்றிப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. மலிவான பிளாஸ்டிக் கைக்கடிகாரம் ஒன்றின் உள்பலகையை எடுத்துவிட்டு, நாமே நிரல் எழுதி ஏற்றக்கூடிய பலகையைப் பொருத்தினேன். அதை இயக்கும் ஃபர்ம்வேரையும் நானே மடிக்கணினியில் தயாரித்தேன். கடிகாரம் மணியோடு, மகளின் மின்னஞ்சலைத் திறக்கத் தேவையான ஆறு எண்களையும், நேரத்தை வைத்துக் கணக்கிட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக் காட்டும். அவள் கைப்பேசியிலும் அதே எண்கள் வந்தன. ஒத்துப் பார்த்துவிட்டு, யார் கண்ணிலும் படக்கூடாதென்று அந்த எண்களைக் கணக்கிட உதவும் ரகசியச் சாவியை மடிக்கணினியிலிருந்து அழித்தேன். பெரிய கெட்டிக்காரன்!

பிறகு அவள் கைப்பேசி சாக்கடையில் விழுந்து செத்தது. அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அன்று மாலை ஐந்துக்குள் ஏற்காவிட்டால் இடம் போய்விடும். ஏற்பதற்கான இணைப்போ மின்னஞ்சலில் இருந்தது.

பகாவ் நகரை அடுத்த செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. மகள் மடிக்கணினி முன் உட்கார்ந்து, கடிகாரம் காட்டிய எண்களை அடித்தாள். தவறு என்றது. மறுபடியும் தவறு. நான் ஏற்றிய ஃபர்ம்வேர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

சாவியையும் உள்ளே வைத்து முன்பு தயாரித்த ஃபர்ம்வேர்க் கோப்பு நல்லவேளையாக அழியாமல் இருந்தது. அவசரத்தில் பின்மூடியைக் கழற்றும்போது ஸ்க்ரூ உருண்டோடியது. பலகையை மடிக்கணினியில் செருகி, மறுபடி ஏற்றினேன். ஏற்றியதும் நேரம் அழிந்துவிடும், நாம்தான் வைக்க வேண்டும்.

"மணி என்னம்மா?"

அவள் சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நாலு அம்பத்தெட்டுப்பா. சீக்கிரம்லா!"

அதையே வைத்தேன். அவள் எண்களை அடித்தாள். தவறு. இன்னொரு முறை தவறினால் கணக்கு பூட்டப்படும் என்றது திரை. ஒரு விளையாட்டுச் சாமானுக்காகப் பிள்ளையின் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே! சுவர்க்கடிகாரம் ஐந்தைத் தாண்டியது. மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இரவு ஷிப்டுக்குச் சீருடை போட்டுக்கொண்டு மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள்.

"எதுக்கு அழுவுற? அஞ்சே ஆவலயே. என் ஃபேக்டரி பஸ்ஸே இன்னும் வரல. அந்தச் சுவர்க்கடிகாரத்த பத்து நிமிஷம் முன்னால வெச்சிருக்கேன்னு தெரியாதா? இந்தத் தோட்டத்துல எந்த வீட்டுல மணி சரியா ஓடுது?" என்றவள் என்னைப் பார்த்தாள். "ஒங்க வாட்சுகூட லேட்டா ஓடுச்சுங்க. நேத்து நான்தான் இந்தச் சுவர்க்கடிகாரத்தப் பாத்து சரி பண்ணேன்."

ஃபர்ம்வேர் கெடவே இல்லை, நேரம்தான் தப்பு. கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. மடிக்கணினியின் மூலையிலேயே சரியான நேரம் இருந்தது. பயத்தில் இருவருக்கும் கண் அங்கே போகவில்லை. அதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தினேன். புது எண்கள் வரும்வரை காத்திருந்தோம். மகள் பிறந்தபோது பிரசவ அறை வாசலில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

அடித்தாள். மின்னஞ்சல் திறந்தது. இணைப்பை அழுத்தியதும் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. எங்கள் தோட்டத்து இணையம் அப்படி.

வெளியே பஸ் ஹார்ன் அடித்தது.

"நீ போ, நாங்க பாத்துக்கிறோம்" என்றேன்.

மனைவி சோற்றுப் பாத்திரத்தைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி ஹார்ன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

இடத்தை ஏற்றுக்கொண்டதாகத் திரையில் வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. அந்தப் பஸ்ஸை ஒருநாளும் தவறவிடக் கூடாதென்றுதான் இத்தனை வருடமும் சுவர்க்கடிகாரத்தை அவள் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்தாள்.