பொங்கியண்ணன் திருப்பிக் கொடுத்த பிளேயர்கள்

என் கடைச் சரக்கை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. சூலூரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் சுந்தரராஜுலு எப்பேர்ப்பட்ட கோபக்காரன் என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டாலே சொல்வார்கள். அப்படிப்பட்ட என்னிடமே ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிங் பிளேயர்களைத் திருப்பிக் கொடுத்தவர் பொங்கியண்ணன்.

பல்லடம் பக்கத்துத் தறி குடோன்களில் பாதிக்கு மேல் அவர்தான் எலெக்ட்ரீஷியன். தறி நின்றால் முதலாளிக்கு நட்டம் என்று மெயினை அணைக்காமலே வேலையை முடித்துவிடுவார். அது தப்பு என்று அவருக்கும் தெரியும், குடோன்காரர்களுக்கும் தெரியும். ஆனாலும் அதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். ஓடுகிற கரண்டில் கை வைப்பவர் என்பதால் பிளேயர் விஷயத்தில் அவர் மகா கறார்.

எங்கள் பக்கத்தில் பிளேயருக்குக் கம்பெனிப் பெயர் சொல்வதில்லை. பிடியின் நிறம்தான் பெயர். சாம்பல் பிடி சீக்கிரமே ஆட்டம் கொடுத்துவிடும், ஊதாப் பிடி வாய் மழுங்காது என்று அவர் சொன்னால் அத்தோடு பேச்சு முடிந்தது. வாங்குமுன் பிளேயரின் வாயை மூடி டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுவார். அவரைப் பார்த்து எல்லோரும் தூக்க ஆரம்பித்து, என் கடையில் டியூப் லைட்டுக்கு ஆரத்தி காட்டாமல் எவனும் பிளேயர் வாங்குவதில்லை என்றாகிவிட்டது.

போன தைக்குப் பிறகு தன் பழைய ஊதாப் பிடியைக் கொண்டுவந்து, பிடி கிழிந்துவிட்டது, இதே மாதிரி வேண்டும் என்று மாதிரிக்கு வைத்துவிட்டுப் போனார். எப்போதோ மின்சாரம் ஓடிய கேபிளை வெட்டியபோது பொறி பறந்து, அதன் வெட்டு வாயில் மொச்சைக்கொட்டை அளவுக்கு உருகிப் பள்ளமாகியிருந்தது. அதே கம்பெனியில் புதிது கொடுத்தேன். கை வழுக்குகிறது என்று திருப்பினார். வேறொன்று கொடுத்தேன். அதுவும் வந்தது. சாம்பல் பிடியைக்கூட வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பினார். கம்பெனிக்காரன் இரும்பைக் குறைத்துவிட்டான் என்றவர், பிறகு டீக்கடையில் உட்கார்ந்து, ராஜுலு டூப்ளிகேட் விற்கிறான் என்று சொன்னதாக என் காதுக்கு வந்தது.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. அவருடைய பழைய பிளேயரையே எடுத்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, புது ஊதா உறை மாட்டி, அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். இதையும் டூப்ளிகேட் என்று சொல்லட்டும், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறேன் என்று காத்திருந்தேன்.

வந்தார். பெட்டியை நீட்டினேன். பிளேயரை எடுத்தவர், வெட்டிப் பார்ப்பதற்கென்று மேஜையில் கிடக்கும் ஒயர்த் துண்டை எடுத்து அழுத்தினார். ஒயர் வெட்டுப்படவில்லை. பிளேயர் கையை விட்டு நழுவி மேஜைக் கண்ணாடியில் விழுந்தது.

"இதுவும் டூப்ளிகேட்டுங்க. புடிமானமே இல்லீங்க."

வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். வழக்கம்போல டியூப் லைட்டுக்கு நேரே தூக்கினார். வாயின் இடுக்கில் வெளிச்சம் இல்லை. கீழே வெட்டு வாயில், அந்த மொச்சைக்கொட்டைப் பள்ளம் வழியாக மட்டும் வெளிச்சம் வந்தது. தூக்கிய கையை அவர் இறக்கவே இல்லை.

"இது என்னோடதுங்க" என்றார்.

சொல்ல வைத்திருந்த பேச்செல்லாம் எனக்கு மறந்துபோனது. கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்று இருந்தது.

"கை இப்படி எப்ப இருந்துங்ணா?" என்று கேட்டேன்.

"சக்கரை இருக்குதுங்க. காத்தால காப்பி டம்ளரு சுடறதுகோட வெரல்ல தெரியறதில்லீங்க. ஊட்ல சொல்லலீங்க." தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிளேயருதான் சரியில்லைன்னு நெனச்சுப்போட்டேன்."

அன்று மதியம் கந்தப்பன் குடோனில் மெயின் போர்டு வேலை ஒப்புக்கொண்டிருந்தார். அதுவும் கரண்டு ஓடும்போதேதான். போகாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். திரையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். கந்தப்பன் பெயர் வரவில்லை. போனை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே சொல்லிப்போடுங்க. கையப் பத்தி மட்டும் வேண்டாமுங்க."

கந்தப்பன் எடுத்தார். அண்ணன் இன்றைக்கு வரமாட்டார் என்றேன். ஏன், என்னாச்சு என்று கேட்டார். பொங்கியண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுமில்லீங்க. எங்கடையில வாங்குன பிளேயரு சரியில்லீங்க" என்றேன்.