நார்வேக்காரி கட்சி

முதுகெலும்பின் இடப்பக்கம் தொடங்கித் தோள்வரை ஒரே இழுப்பு. பிறகு கை நின்றுவிடும். காது கதவுப் பக்கம் போகும். வெளியே காசு வாங்கும் மேசையில் கைப்பேசியில் ஆட்டம் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் சல்வா கத்துவாள்:

"முப்பதுக்கு நாப்பது!"

"யாருக்குடி நாப்பது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நாப்பதுன்னு போட்டிருக்கு."

"சர்வீஸ் யாரு போடுறா?"

"வெள்ளைப் பாவாடை."

"ரெண்டு பேரும் வெள்ளைப் பாவாடைதான்டி!"

இது தீரும்வரை கல்மேடையில் படுத்திருப்பவள் பாதி முதுகோடு காத்திருக்க வேண்டும். மன்னூபியாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. துனிசியாவின் பிஸெர்ட் பழைய நகரத்து ஹம்மாமில், பொது ஆவிக்குளியல் கூடத்தில், இருபத்தோரு ஆண்டுகளாக முதுகு தேய்க்கிறார். பெண்கள் டென்னிஸை அவர் பெரும்பாலும் பார்ப்பது இப்படித்தான். ஹம்மாமில் பெண்களுக்கான நேரம் நண்பகலிலிருந்து ஆறு மணிவரை. பெரிய ஆட்டங்களும் அந்நேரத்தில்தான் நடக்கின்றன. உள்ளே இருக்கும் ஆவியில் கைப்பேசி பிழைக்காது. இரண்டைப் பலி கொடுத்துப் பார்த்துவிட்டார்.

ஆட்டம் இழுத்தால் தேய்ப்பும் இழுக்கும். விவரம் தெரிந்தவர்கள் அரையிறுதி நாளில் வரமாட்டார்கள். மணப்பெண்ணை அன்றைக்கு அழைத்துவரவே கூடாது. மூன்று செட் ஆட்டமொன்றில் சிக்கிய பெண், மருதாணி இடும் முன்பே சிவந்துபோய் வீடு திரும்பினாள்.

டென்னிஸ் மட்டையை மன்னூபியா ஒருமுறைகூடப் பிடித்ததில்லை. இளம் வயதில் கடற்கரை விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை செய்தார். அங்கே டென்னிஸ் ஆட வரும் பெண்களின் காலுறைகள் செம்மண் அப்பிக்கொண்டு கூடை கூடையாக வரும். "மூஞ்சியே பார்க்காம ஆட்டத்தைச் சொல்லிடுவேன். குதிகால்ல மட்டும் மண்ணுன்னா நின்ன இடத்துல நின்னு அடிக்கிறவ. பக்கவாட்டுல மண்ணுன்னா சறுக்கிச் சறுக்கிப் பந்தை எடுக்குறவ. முட்டிவரைக்கும் மண்ணுன்னா விழுந்தாவது எடுக்கணும்னு நினைக்கிறவ. அவளோட காலுறையை ரெண்டு தடவை துவைப்பேன்."

இப்போது மட்டைக்குப் பதிலாகக் கரடுமுரடான கையுறை. தன் ஆட்டத் தத்துவம் முழுவதையும் அதை வைத்தே விளக்குவார். பலம் கொண்ட மட்டும் அழுத்தித் தேய்ப்பவள் தோலைச் சிவக்க வைப்பாள், அழுக்கு அங்கேயே இருக்கும். மணிக்கட்டைச் சாய்த்து மேலிருந்து கீழே வெட்டினால் அழுக்கு தானாகச் சுருண்டு வரும். "பந்தும் அப்படித்தான். பயமுறுத்தக் கூடாது, ஏமாத்தணும்" என்று சொல்லி நம் விலாவில் ஒரு ட்ராப் ஷாட் போட்டுக் காட்டுவார். நெட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்த பந்தைப் போல நாமும் துள்ளுவோம்.

அதனால் அவர் போர்ச்சுகல்காரி கட்சி. குட்டையான பெண், மெதுவான சர்வீஸ், மணிக்கட்டு முழுக்கத் தந்திரம். அவள் செட்டில் ஐந்து கேம் எடுத்துவிட்டால் மன்னூபியாவுக்கு உயிர் வரும். கண்ணேறு படாமலிருக்க நாங்கள் ஐந்து விரலைக் காட்டி ஐந்து என்று சொல்வோம். இங்கே ஸ்கோரே ஐந்தாக நிற்கிறது, காவல் தானாக அமைந்துவிட்டது. "அஞ்சுல இருக்கும்போது எவ கண்ணும் படாது. ஆறுக்குப் போறதுக்குள்ளதான் பயம்" என்பார். ஆறாவது கேம் முடியும்வரை யாரையும் தொடமாட்டார். நுரையோடு கிடக்க வேண்டியதுதான்.

எங்கள் நாட்டுப் பெண் ஆடும் நாளில் கட்சி கிடையாது. அன்று ஹம்மாமே வாயைத் திறக்காது. மற்ற நாட்களில்தான் அரசியல்.

என் அம்மா நஸீஹா நார்வேக்காரி கட்சி. நார்வேக்காரி ஆறடி உயரம். சர்வீஸ், ஓர் அடி, புள்ளி. சிரிக்கமாட்டாள், கத்தமாட்டாள். மூன்று ஆண்டுகளாக முதலிடத்தில் இருக்கிறாள். அம்மா முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் இருநூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டவர். சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு அந்தக் கல்மேடையில் குப்புறப் படுப்பார். அவரும் மன்னூபியாவும் பதினொரு ஆண்டுகள் இப்படிக் கட்சி பிரிந்து வாதாடியிருக்கிறார்கள். இந்த நார்வேக்காரி வருவதற்கு முன்பு, அவளைப் போலவே ஜெயித்துக்கொண்டிருந்த வேறு நார்வேக்காரிகள் இருந்தார்கள்.

டிசம்பரில் அம்மா இறந்துபோனார். இதயம். பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது என்றார் மருத்துவர்.

நான் தண்ணீர் வாரியத்தில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கிறவள். அரை சதவீதத்துக்கு மேல் பிழை இருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டுவேன். இதை ஒரு தகுதி என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாற்பதாம் நாள் முடிந்து, ஹம்மாமில் கிடந்த அம்மாவின் துண்டை வாங்கிவரப் போனேன். மன்னூபியா துண்டைக் கொடுக்கவில்லை. "படு" என்றார். நான் குளிக்க வரவில்லை என்றேன். "யாரு கேட்டா? படு, என் ஈரக்கொலையே." படுத்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அழுவதற்கு அங்கே வசதியும் உண்டு, ஈரத்தில் ஈரம் தெரியாது. அவரோ நார்வேக்காரியைத் திட்டத் தொடங்கினார்.

"எதிர்ல ஆளே இல்லாத மைதானத்துல நானும் ராணிதான். கையுறையோட போய் நின்னா எனக்கும் கோப்பை குடுப்பாங்க."

பேச்சுக்குப் பேச்சு என்று, "எல்லாரும் தோக்குறாங்கன்னா அவ நல்லா ஆடுறான்னுதானே சித்தி அர்த்தம்?" என்றேன்.

கை நின்றது.

"அப்படியே உங்கம்மா. அவளும் இதையேதான் சொல்லுவா. 'ஆம்பளை ஒருத்தன் பத்து வருஷம் ஜெயிச்சா பொற்காலம்ங்கிறீங்க. பொம்பளை மூணு வருஷம் ஜெயிச்சா எதிர்ல ஆளில்லைங்கிறீங்க. மூணு பேரு மாத்தி மாத்தி ஜெயிச்சா ஒழுங்கே இல்லைங்கிறீங்க. உங்களுக்கு என்னதான்டி வேணும்?' மூக்கை மேல தூக்கிக்கிட்டு சொல்லுவா, பெரிய வக்கீலு."

அம்மா சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. பேசாமலில்லை. ஆட்டம் முடிந்ததும் மாலையில் என்னைக் கூப்பிடுவார். நான் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். நாற்பது நொடிக்கு ஒருமுறை "ம்" சொல்வேன். அந்த இடைவெளியைச் சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்திருந்தேன். முப்பது நொடிக்கு ஒன்று சொன்னால் ஆர்வம் என்று நினைத்துக்கொள்வார். ஐம்பது என்றால் "இருக்கியா?" என்று கேட்பார்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். "அம்மா வேற என்ன சித்தி சொல்லுவாங்க?" என்று நேராகவே கேட்டேன். மன்னூபியா முகத்தைச் சுருக்கினார். "இறந்தவங்களை வெச்சு அரட்டை அடிக்கக் கூடாது. திரும்பு." அதற்கடுத்த வாரம் அவருக்கு ஒத்து ஊதிப் பார்த்தேன், போர்ச்சுகல்காரிதான் சிறந்தவள் என்று. அன்று முழுக்க ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. முதுகு மட்டும் சுத்தமானது. மூன்று சோதனையில் விதி பிடிபட்டது. அம்மாவின் பேச்சு வேண்டுமென்றால் அம்மாவின் கட்சியில் நிற்க வேண்டும். மன்னூபியாவைச் சீண்டினால்தான் அது வெளியே வரும்.

சீண்டுவதற்கு நான் எடுத்துப்போன ஆயுதம், புள்ளிவிவரம். இரண்டு ஆண்டு ஆட்டங்களை அட்டவணை போட்டேன். பதினான்கு பத்திகள், வண்ணம் தீட்டியவை. அலுவலகத்தில் ஒரு பம்ப்புக்குக்கூட இவ்வளவு உழைத்ததில்லை.

"நார்வேக்காரி எடுக்கிற புள்ளியில எழுபத்தொரு சதவீதம் நாலு அடிக்குள்ள முடியுது சித்தி."

"என் கல்யாணமும் நாலு மாசத்துல முடிஞ்சுது. ஆஹா, என்னா வேகம்னு எவளும் பாராட்டலையே."

சுவர்வரை சிரிப்பு போனது. நான் குப்புறப் படுத்தபடி, "இது தரத்துக்கான அளவுகோல்..." என்று இழுத்தேன்.

"தரமா? பிள்ளை, நீ ஆட்டம் பார்க்குறியா, மீட்டர் பார்க்குறியா? உங்கம்மா ஒரு நம்பர் சொன்னதில்லை. ஆனா எனக்கு வாயடைச்சுப் போகும். 'அவ ரயிலு மாதிரி, நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போயிடுவா'ன்னு சொன்னா ஒருநாள். எந்த ரயிலு, நம்ம தூனிஸ் ரயிலா, அது எப்படி நேரத்துக்கு வந்துச்சுன்னு கேட்டேன். 'அதனாலதான்டி அவளைப் பிடிக்குது, ஒண்ணாவது நேரத்துக்கு வரட்டும்'ங்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?"

இன்னொரு வாரம், நார்வேக்காரியின் ஆட்டம் சலிப்பு என்று அவர் சொல்ல, இல்லை என்று நான் பொய்யாகச் சண்டை போட, இது கிடைத்தது: "'சலிப்பாத்தான் இருக்கும். இருநூறு தட்டும் சூடாப் போச்சுன்னா பார்க்கிறவங்களுக்குச் சலிப்பாத்தான் இருக்கும். ஒரு பானை கவுந்தாத்தானே உங்களுக்கெல்லாம் வேடிக்கை'ன்னு கத்துனா. அன்னிக்கு அவ காதுகூடச் சிவந்துபோச்சு."

அம்மா சலிப்பூட்டும் பெண்மணி என்பது என் முடிவாக இருந்தது. சலிப்பூட்டும் ஊசி ஒன்று அசையாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சம்பளம் வாங்கும் நான் எடுத்த முடிவு.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். அதற்கும் ஓர் அட்டவணை. தேதி, வாக்கியம், எந்தச் சீண்டலுக்குக் கிடைத்தது. மார்ச் தொடக்கத்தில் புதிய வரிகள் நின்றுபோயின. பொற்காலம் மூன்றாவது முறையாக வந்தது. ரயில் இரண்டாவது முறை. பதினொரு ஆண்டில் மன்னூபியாவின் நினைவில் தங்கியது அவ்வளவுதான். கிணற்றில் வாளி தரை தட்டும் ஓசை எனக்குத் தொழில்முறையில் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை வளைகுடா நாடொன்றில் இறுதி ஆட்டம். நார்வேக்காரிக்கு எதிரே போர்ச்சுகல்காரி. இருவரும் ஏழுமுறை மோதி, ஏழுமுறையும் நார்வேக்காரி வென்றிருந்தாள். நான் மூன்று மணிக்கே போய்ப் படுத்துவிட்டேன். தோல் போனாலும் போகட்டும் என்று.

முதல் செட் போர்ச்சுகல்காரிக்கு. சூடான அறையில் எல்லோரும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ ஆரஞ்சு உரித்துச் சுளைகளைக் கைமாற்றினார்கள். இரண்டாவது செட்டிலும் அவள் ஐந்துக்கு நான்கு என்று முன்னே. மன்னூபியா கையை என் முதுகிலிருந்து எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டார். சல்வாவின் குரல் மட்டும் வந்தது: "முப்பது... நாப்பது... அட, மறுபடி நாப்பது... என்னடி இது, ரெண்டு பேருக்கும் நாப்பது... முடிஞ்சிருச்சு! கை குடுத்துக்கிறாங்க!"

"யாரு சிரிக்கிறா?"

"குட்டை!"

குலவை எழுந்து கூரையின் கண்ணாடித் துளைகளில் முட்டியது. முழு நிர்வாணமாக ஒரு பாட்டியம்மா ஆடினார். மன்னூபியாவைக் கட்டிப்பிடித்தார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள். அவர் எல்லோருக்கும் தலையாட்டினார். குலவை மட்டும் போடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு. உங்கம்மா இப்ப என்ன சொல்லியிருப்பா?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். "ரெண்டு வருஷத்துல இது ஆறாவது தோல்விதான் சித்தி, சராசரியாப் பார்த்தா..."

"அது நீ."

"நார்வேக்காரி களைச்சிருப்பா, போன வாரமும்..."

"அது டிவிக்காரன். உங்கம்மாவைச் சொல்லு. இத்தனை வருஷம் இதுக்குத்தான் காத்திருந்தேன். ஒருதடவை அவ வாயடைக்கணும்னு. அவ அடைக்கமாட்டா, ஏதாவது சொல்லுவா. என்ன சொல்லுவா?"

சுற்றிலும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"தெரியல சித்தி. அவங்க பேசும்போது நான் கேக்கல."

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.  மன்னூபியா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன் கையுறையைப் பிடுங்கி எடுத்து, பிழிந்து, என் கையில் மாட்டிவிட்டார். தோளைப் பிடித்து என்னைக் கல்மேடையிலிருந்து இறக்கினார். இருபத்தோரு ஆண்டுகளில் அவர் அதன்மேல் ஏறி யாரும் பார்த்ததில்லையாம், சல்வா பிற்பாடு சொன்னாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு ஏறி, அம்மா படுக்கும் இடத்தில் குப்புறப் படுத்தார். அம்மாவைப் போல மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார்.

"ஒரே ஒருநாள் ஜெயிச்சதுக்கு என்னடி இவ்வளவு கூத்து?" என்றார் கல்லைப் பார்த்து. "ஜெயிக்கிறது பெரிசில்ல. நாளைக்கும் வந்து ஜெயிக்கணும். உன் குட்டை நாளைக்கு எழுந்திரிக்கவே மாட்டா."

பிறகு, கழுத்தில் ஒட்டியிருந்த நரைமுடியை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, பதிலுக்காக முதுகைக் காட்டிக் காத்திருந்தார்.