தொட்டிலுக்குள் இருந்த கத்தரிக்கோல்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதம். கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் உள்ள இஷொயில், முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். இப்போதும் அதே வேலைதான்.

நான் போகும் வீடுகளில் ஒன்றில் ஒரு சுவீடன்காரி தனியாக இருந்தார். எண்பத்தெட்டு வயது. கலியாணம் கட்டி டென்மார்க்குக்கு வந்து அறுபது வருடம் கடந்தும் அவர் வீட்டுக்குள் சுவீடன்தான் நடந்துகொண்டிருந்தது. பத்து மணிக்குக் கோப்பி, ஏலக்காய் போட்ட பணிஸ், மெல்லிய சத்தத்தில் சுவீடிஷ் வானொலி. கணவர் இறந்து கனகாலம். பிள்ளைகள் இல்லை என்று கோப்பில் எழுதியிருந்தது.

ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ட்ரோல்களைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் தப்பாது. ட்ரோல் என்றால் விமான நிலையக் கடையில் விற்கும் பெரிய மூக்குப் பொம்மை என்று நினைத்திருந்தவன் நான். அவருக்கோ ட்ரோல்கள் சொந்த ஊரின் அயலட்டம், பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. காட்டுப் பாறைக்குள் குடியிருந்து மாடு வளர்ப்பார்கள், ரொட்டி சுடுவார்கள். ஞானஸ்நானம் கொடுக்காத குழந்தைகளைக் கண்டால் ஆசைப்பட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். நான் மாத்திரைகளைப் பிரித்து வைத்தபடி “ஓகோ” போடுவேன். பாதிதான் காதில் ஏறும்.

அன்றைக்கும் அப்படி ஓர் அமைதியான காலை. அவருடைய படுக்கையறையில் ஒரு பழைய மரத்தொட்டில் உண்டு. அதற்குள் கம்பளி நூலுருண்டைகள், அவற்றின் மேல் வாய் திறந்தபடி ஒரு கனத்த இரும்புக் கத்தரிக்கோல். பின்னல் சாமான் போட்டு வைக்கும் இடமாக்கும் என்று நினைத்தேன். அவருக்கோ கைநடுக்கம். முந்திய வாரம்தான் ரொட்டிக் கத்தியால் விரலை வெட்டியிருந்தார். அவர் குளியலறையில் இருந்த நேரம் கத்தரிக்கோலை எடுத்துச் சமையலறையின் மேல் தட்டில் வைத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வாதாடுவார், எனக்கோ அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

இரவுச் சாப்பாட்டின்போது இதை என் மனைவியிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவளுடைய கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

“தொட்டிலுக்குள்ள இருந்த இரும்பையோ எடுத்தனீங்கள்?”

“ஓம். கையை வெட்டிப்போடுவா எண்டு பயந்துதான்…”

“எங்கட மூத்தவள் பிறந்து முப்பத்தொரு நாள் முடியுமட்டும் பேய் பிசாசு அண்டாம தலைமாட்டில பாக்குவெட்டி வைச்சது ஆர்? நீங்கள்தானே! அந்த மனிசிக்கும் ஏதோ இருந்திருக்கும். விடிய முதல் வேலையாக் கொண்டுபோய் வையுங்கோ.”

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே அந்தப் பாக்குவெட்டியை நான் மெத்தைக்கடியில் ஒளித்து வைத்தேன். விரிப்பு மாற்ற வந்த டேனிஷ் தாதி அதைக் கண்டாள். ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். அவளுக்கு இருந்த இங்கிதம் எனக்கு இல்லாமல் போயிற்று.

மறுநாள் காலை முதலில் அவர் வீட்டுக்குத்தான் ஓடினேன். வானொலிச் சத்தம் இல்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில், நிலத்தில், இரவு உடுப்போடு இருந்தார். கால்கள் சில்லிட்டிருந்தன. நூலுருண்டைகள் அறை முழுக்க உருண்டு கிடந்தன.

திரும்பவும் மறந்துவிட்டேன் என்று அழுதார். அப்போதுதான் கதை வந்தது. டென்மார்க்குக்கு வருமுன், பத்தொன்பது வயதில், அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஞானஸ்நானத்துக்கு முதல்நாள், குழந்தையின் வெள்ளைச் சட்டையில் நூல் வெட்டுவதற்காக, ட்ரோல்கள் அண்டாமல் தொட்டிலில் போட்டிருந்த இரும்புக் கத்தரிக்கோலை எடுத்தவர், திருப்பி வைக்க மறந்துவிட்டார். விடிய, குழந்தைக்கு மூச்சில்லை. வைத்தியர் ஏதோ நோயின் பெயர் சொன்னாராம். இவர் நம்பவில்லை. அன்றிலிருந்து அந்தக் கத்தரிக்கோல் தொட்டிலை விட்டு இறங்கியதே இல்லை, நான் எடுக்கும் வரைக்கும்.

பேசாமல் திருப்பி வைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. ஆனால் அந்தப் பழியையும் அவரே சுமப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. கத்தரிக்கோலைக் கொண்டுவந்து காட்டினேன். நான்தான் எடுத்தேன், நீங்கள் மறக்கவில்லை என்று முழங்காலில் நின்று சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். என் கண்ணீரைப் பார்த்து அவர் என் கையைத் தடவிக் கொடுத்தார்.

“நீ நல்ல பிள்ளை, எனக்காகப் பொய் சொல்லுறாய்,” என்றார். “தாய் நான்தானே. நான்தான் பார்த்திருக்க வேணும்.”

அதன் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். தொட்டிலும் கத்தரிக்கோலும் கூடவே போக வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். போயின. அவர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோடை வருமுன் இறந்துவிட்டார்.

இப்போதெல்லாம் எந்த வீட்டிலும் கேட்காமல் ஒரு கரண்டியைக்கூட நான் இடம் மாற்றுவதில்லை. ஆனாலும், வேலைக்குப் போகும் வழியில் அவர் இருந்த மாடிக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம், “நான்தான் எடுத்தனான் அம்மா” என்று மனதுக்குள் சொல்கிறேன், இந்த முறையாவது அவர் நம்பிவிட மாட்டாரா என்று.