பந்து நழுவாத கை

அணித் தலைவிதான் அவளுக்குப் ‘பிசின்’ என்று பெயர் வைத்தாள். பள்ளி ரோபோ அணியில் சேர்ந்த முதல் வாரம் அது. ரோபோவின் கை பந்தைத் தூக்குவதும் நழுவவிடுவதுமாக இருந்தது. “கையில பசை தடவிட்டா என்ன?” என்றாள் புதிதாகச் சேர்ந்த அவள்.

“பிடிச்ச பந்தை அப்புறம் எப்படி விடும்? வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுமா?” என்றாள் தலைவி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிசினுக்கு மோட்டாரும் தெரியாது, புரோகிராமும் தெரியாது. தோழி இழுத்ததால் வந்தவள். தோழி அணியை விட்டுப் போன பிறகும் வீம்புக்காக இருந்துவிட்டாள். அந்த வீம்பைப் பார்த்துத்தான் தலைவி, “சரி, பிடிமானத்தை நீயே பாத்துக்கோ” என்று ஒப்படைத்தாள்.

முதலில் உப்புத்தாள் ஒட்டினாள். நன்றாகப் பிடித்தது, ஆனால் பந்தெல்லாம் கீறல். போட்டியில் பந்து சேதமானால் அணியையே வெளியேற்றிவிடுவார்கள். அடுத்து சைக்கிள் டியூப். நேராகப் போகும்வரை சமர்த்தாக இருந்தது. ரோபோ திரும்பியதும் பந்து உருண்டு ஓடியது. சமையலறை இழுப்பறையில் விரித்திருந்த ரப்பர் விரிப்பை வெட்டிக்கொண்டு போனாள். அது சாயங்காலத்துக்குள் கிழிந்துபோனது. “திறந்தா தட்டெல்லாம் டான்ஸ் ஆடுதுடி!” என்று அம்மா கத்தியதுதான் மிச்சம்.

கடைசியில் அவள் கண் அக்காவின் பழைய டேபிள் டென்னிஸ் மட்டையில் விழுந்தது. பந்தை அதில் வைத்து அழுத்திப் பார்த்தாள். மேலே ரப்பர், அடியில் மெத்தென்ற ஸ்பாஞ்ச். ஸ்பாஞ்ச் குழிந்து கொடுக்க, ரப்பர் பந்தை அகலமாகத் தழுவிக்கொண்டது. டியூப்பில் இல்லாதது இதுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கேட்டால் கிடைக்காது என்று தெரியும். கேட்காமலே ரப்பரை ஸ்பாஞ்சோடு உரித்து ரோபோவின் கையில் ஒட்டிவிட்டாள்.

மறுநாள் அக்கா பள்ளிக்கே வந்துவிட்டாள். கல்லூரி அணியில் ஆடுகிறவள். கோபம் வந்தால் வீடு தாங்காது.

“நான் முதல்முதலா ஜெயிச்ச மட்டைடி அது! எங்க வச்சிருக்க?”

பிசின் ரோபோவைக் காட்டினாள். தலைவி பொத்தானை அழுத்தினாள். கை பந்தைப் பிடித்தது, சடாரென்று திரும்பியது, உயரத்தில் இருந்த தட்டில் மெதுவாக விட்டது. அக்கா குனிந்து அந்த ரப்பரைப் பார்த்தாள். “இன்னொரு தடவ பண்ணு” என்றாள். மூன்றாம் தடவைக்குள் கோபம் பாதி இறங்கியிருந்தது.

“கேட்டிருக்கலாம்ல?”

“குடுத்திருப்பியா?”

“மாட்டேன்தான்” என்று அக்கா சிரித்துவிட்டாள். “தூசி பட்டா வழுக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி ஈரத்துணியால துடை. நாங்க அப்படித்தான் செய்வோம்.”

போட்டி அரங்கில் தரையெல்லாம் மாவு பூசியது போலத் தூசி. மற்ற அணிகளின் பந்துகள் நாலாபக்கமும் ஓடின. பிசின் ஈரத்துணியும் கையுமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் மண்டியிட்டு ரப்பரைத் துடைத்தாள். ஒரு பந்துகூட விழவில்லை. பார்வையாளர் வரிசையில் அக்கா, “அது என் ரப்பர்!” என்று பக்கத்தில் இருந்தவரை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

அரையிறுதியில் தோற்றார்கள். கை பிடித்தது, சக்கரங்கள்தான் தூசியில் நின்ற இடத்திலேயே சுற்றின. தலைவியின் கண் கலங்கியது. தேற்றுவதற்காகப் பிசினைத் தேடி வந்தவர்கள் அவளை மேசைக்கு அடியில்தான் கண்டார்கள். ரோபோவைக் கவிழ்த்துப்போட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது ரொம்ப கெட்டி” என்றாள். “அடுத்த வருஷம் இதையும் நானே பாத்துக்கறேன்.”

தலைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.