தாய்மாமன் இருக்க நடிகர் மடி எதற்கு?

எங்கள் ரசிகர் மன்றச் செயலாளர் ஒரு பொய்யர். சிதம்பரத்தில் என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். கடலூர் படப்பிடிப்பிலிருந்து நடிகர் வருவார், குழந்தையை அவர் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார்.

தாய்மாமன் சீர்த்தட்டோடு குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்திருந்தான். “மச்சான், நீ கொஞ்சம் தள்ளி நில்லு” என்றேன்.

“ஏன் மாமா, எம் மடி அவ்ளோ கேவலமா பூடுச்சா?” என்று கேட்டவன், தட்டைத் தன் அக்காள் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

நடிகர் தாமதமாக வந்தார். முகமெல்லாம் வியர்வை. “பாத்ரூம் எங்கங்க இருக்கு?” என்றுதான் முதலில் கேட்டார். பத்தர் கையில் ஊசியைப் பார்த்ததும் பின்வாங்கினார். “ஐயோ, ரத்தம்னா எனக்குத் தல சுத்தும். ஒரு போட்டோ எடுக்கணும்னுதான் சொன்னாங்க. குழந்தையோட மாமா இல்லையா?”

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் நம்மைப் போல ஒரு மனிதர். நாங்கள்தான் காது குத்தாமலே வீடு திரும்பினோம்.

இப்போது நான் மன்றத்துக்குப் போவதில்லை. மச்சான் வீட்டுக்குத்தான் போகிறேன். அவன் இன்னும் கதவைத் திறக்கவில்லை.

செயலாளரே, நடிகரிடம் மடியைப் பற்றிக் கேட்காமலே ஒப்புக்கொண்டதாக ஏன் சொன்னீர்கள்? என் மச்சானும் படிக்கும்படி இதே பத்திரிகையில் பதில் எழுதுங்கள்.