தாடையைத் தொட்டால்

பக்கத்து ஸ்டூடியோக்காரர் கடையை மூடிவிட்டுப் போகும்போது கேமரா, இரண்டு விளக்கு, நீலத் திரை எல்லாவற்றையும் சலூன்காரர் தலையில் கட்டிவிட்டார் என்று தெருவே பேசிக்கொண்டது. அது தப்பு. வாங்க வைத்தவள் சலூன்காரரின் மனைவி.

"முடி வெட்டின அரை மணி நேரம்தான் ஆம்பளைங்க பாக்க லட்சணமா இருப்பாங்க. அந்தச் சூட்டோட பக்கத்துலயே உக்காரவச்சுப் படம் எடுங்க" என்றாள்.

சொல்வது சுலபம். முதலில் அவளையே உட்காரவைத்துப் பழகினார். விளக்கை ஒரே பக்கம் வைத்ததில் பாதி முகம் இருட்டில் போய்விட்டது.

"இன்னொரு கன்னம் எங்கங்க?"

எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தியதும் காணாமல் போன கன்னம் திரும்பி வந்தது. அன்று முழுக்க மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் வாடிக்கையாளர்கள் படத்துக்குப் படம் கண்ணை மூடினார்கள். லென்ஸைத் துடைத்தார், விளக்கைக் குறைத்தார், கேமராவைத் திட்டியும் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் வந்தார். ஓய்வுபெறப் போகிறார்; பள்ளிக்கூட ஹாலில் மாட்டப் படம் வேண்டும். இது சரியாக அமைந்தால் எழுநூறு பிள்ளைகளின் அடையாள அட்டைப் படமும் சலூன்காரருக்குத்தான். சொதப்பினால் கேமராவை விற்றுவிடுவதாக மனைவியிடம் வாயை விட்டிருந்தார்.

ஒன்பது படம் எடுத்தார். ஒன்பதிலும் தலைமையாசிரியர் தூங்கினார்.

வாசலில் நின்று பார்த்த மனைவி, "கோளாறு கேமராவுல இல்லங்க, உங்க கையில. நீங்க தாடையைத் தொட்டு நிமுத்தறீங்க. சவரம்னு நெனச்சு சார் கண்ணை மூடிக்கறார்" என்றாள்.

"நான் மூடலைம்மா. அதுவா மூடிக்குது" என்றார் தலைமையாசிரியர், குற்றவாளி போல.

இருபது வருஷப் பழக்கம். அதோடு மல்லுக்கு நிற்பதில் புண்ணியமில்லை என்று சலூன்காரருக்குப் பட்டது. "நல்லா மூடிக்கங்க சார். நான் சொல்லும்போது தொறங்க."

காத்திருந்தார். நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. இறுகியிருந்த உதடு இளகியது. கண்ணாடியில் வாராவாரம் பார்த்த முகம் என்பதால் நேரம் தெரிந்தது.

"இப்ப."

எந்த மாணவனும் கண்டிராத, சாந்தமான முகம் படத்தில் இருந்தது. சலூன்காரர் கேமராவைத் திருப்பி அவரிடம் காட்டினார்.

தலைமையாசிரியர் வெகுநேரம் பார்த்தார். "இது என் வீட்டுக்கு. பள்ளிக்கூடத்துக்கு வேற எடுங்க. இந்த முகத்தை அங்க மாட்டினா இத்தனை வருஷம் மிரட்டினதெல்லாம் வீணாயிடும்" என்றார். பிறகு, "பிள்ளைங்களைத் திங்கக்கிழமை அனுப்பறேன்."

முறைத்தபடி மறுபடி உட்கார்ந்தார். தாடை கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது. சலூன்காரர் இரண்டு கையாலும் கேமராவை இறுகப் பிடித்துக்கொண்டார்.